வாய் நிறையத் தண்ணீர்

எங்கள் பட்டறையின் புதிய நிர்வாகக் குழுவில் இருக்கும் பிள்ளைகள் ரொம்ப மரியாதையானவர்கள். ஒரு பழக்கத்தை ஒழித்துக்கட்டுவதற்கு முன்னால், அதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.

"அக்கா, அந்தத் தம்ளர் விஷயம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீங்க எழுதித் தாங்க. நினைவா வச்சுக்கிடுவோம். இனி செஞ்சத வீடியோ எடுத்து குரூப்புல போட்டுட்டா போதும்லா? தண்ணி எல்லாம் எதுக்கு?" என்றார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். படித்துவிட்டு ஒழிக்கட்டும், பார்க்கிறேன்.

என் பெயர் உலகம்மாள். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றில் நடக்கும் கூட்டுப் பட்டறையில் கருவி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கூட்டுப் பட்டறை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் இது: எதையாவது தானே செய்து பார்க்க வேண்டும் என்ற கிறுக்கு உள்ளவர்கள், வீட்டில் திட்டு வாங்காமல் அதைச் செய்வதற்கான இடம். சால்டரிங் அயர்னிலிருந்து 3டி பிரிண்டர் வரை எல்லாம் பொதுவில் இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். செய்ததை ஒளித்து வைக்காமல் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், கேட்டால் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் நான் பார்த்த வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு சுரண்டையில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்காரு, இருங்க" என்று உட்காரவைத்து, அவர்கள் கண் முன்னாலேயே கழற்றி, சரிசெய்து, மூடி, "இந்தா, வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்று கையில் கொடுப்பேன். பாதிப் பேர் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். டிவி தட்டையானது, கடை மூடியது, நான் பட்டறைக்கு வந்தேன்.

கருவி அறையில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். கருவி எடுப்பவர் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி எனக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். கையெழுத்து வாங்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் கட்டிங் பிளேயரோடு கடையநல்லூர் வரை போய்விட்டார்கள். ஒற்றைச் செருப்போடு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஒரு பேராசிரியர், "நான் ஷூ போட்டிருக்கேனேம்மா" என்று நெளிந்தார். "ஷூவும் கழலும் சார்" என்றேன். அன்று முழுவதும் ஒரு காலில் சாக்ஸோடு டிரில்லிங் மிஷினில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறையை நடத்தியவர் ஜெபராணி மேடம். பாலிடெக்னிக்கில் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. செய்த பொருளை முதலில் கையில் வாங்கமாட்டார். பக்கத்தில் போய் ஒரு சுற்று நடப்பார். பிறகு சால்டர் வைத்த இடம் ஒவ்வொன்றையும் சுண்டுவிரல் நகத்தால் மெல்ல நெம்புவார். கம்பி கையோடு வந்துவிட்டால் அதைச் செய்தவர் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்: "யாருக்கு?" முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால், தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். அதற்கு இன்றுவரை எவரும் மேல்முறையீடு செய்து ஜெயித்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் செய்ததைக் காட்டும் நேரம். தொடக்கத்தில் அது பெரிய சித்திரவதை. செய்தவர்கள் பொருளைத் தொடவே விடமாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் ஒரு பெட்டியை இலஞ்சி ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்தார். "இத அமுக்கக் கூடாது, இத மொதல்ல திருப்பணும், திருப்புததுக்கு முன்னால அதப் புடுங்கணும், ஆனா முழுசாப் புடுங்கிறாதீய" என்று வெளியே இருட்டுகிற வரை விளக்கினார். மேடம் எழுந்து போய் என் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார். அந்த மனிதரும் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்ததால் ஆசையாக வாயில் ஊற்றினார்.

"முழுங்காதீங்க. அப்படியே வச்சுக்கிடுங்க" என்றார் மேடம். "இப்ப உலகு வந்து அந்தப் பெட்டிய ஓட்டட்டும்."

நான் ஓட்டினேன். பெட்டி ஓடவில்லை. மனிதர் கன்னத்தை உப்பிக்கொண்டு கையை ஆட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், கால் மாற்றி நிற்கிறார். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க கூடவே இருந்து சொன்னாத்தான் ஓடும்னா, வாங்குதவங்க வீட்டு மாடியிலயே நீங்களும் குடியிருக்கணும். அடுத்த சனிக்கிழமை கொண்டாங்க."

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. செய்தவர் முக்காலியில் உட்கார்ந்து வாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொருளை முன்பின் பாராத ஒருவர் அதைக் கையாள வேண்டும். யாருக்காகச் செய்ததோ அவரே வந்தால் ரொம்ப நல்லது. அவர் முடிக்கும்வரை தண்ணீர் வாய்க்குள் இருக்க வேண்டும். பேசினால் தோல்வி, சிரித்தால் தோல்வி, விழுங்கினாலும் தோல்வி. கடைசியில் வாசலில் நிற்கும் எலுமிச்சை மரத்தடியில் துப்பிக் காட்ட வேண்டும். சீசன் நேரத்தில் யாராவது குற்றாலத்து அருவித் தண்ணீரைக் கேனில் கொண்டுவருவார்கள். சாரலில் நனைந்து சளி பிடித்த ஒருவர் தும்மியதில், பக்கத்தில் இருந்த இன்னொருவரின் சர்க்யூட் போர்டு போயே போய்விட்டது. அந்த மரம் மட்டும் வருஷம் முழுக்கக் காய்க்கிறது.

ஐந்தருவி சாலையில் பழக்கடை வைத்திருக்கும் சங்கரனின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குரங்குகளுக்குப் போகிறதே என்று அவர் ஒரு கருவி செய்தார். குரங்கு கிட்டே வந்தால் சென்சார் பார்த்துவிடும். உடனே ஒலிபெருக்கியில் வேட்டை நாய் குரைக்கும். குரங்கைப் பட்டறைக்கு அழைத்துவர முடியாது என்பதால் நாங்களே தம்ளரோடு கடைக்குப் போனோம். சங்கரன் வாயில் தண்ணீரோடு நின்றார். குரங்கு வந்தது. நாய் குரைத்தது. பழம் பேரம் பேசிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று பையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியது. குரங்கு நிதானமாக உட்கார்ந்து அவர்கள் பையையும் பிரித்துச் சாப்பிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குரங்கு வந்து சென்சார் முன்னால் வேண்டுமென்றே கையை ஆட்டியது.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லா வேலை செய்யுது சங்கரன். ஆனா குரங்குக்கு."

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். குழலி கொண்டுவந்த பெட்டிதான் எங்களைச் சிரிக்கவிடாமல் செய்தது.

குழல்வாய்மொழி என்று முழுப் பெயர். சுரண்டையில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிற பெண். அவள் அப்பா செல்லத்துரை அண்ணாச்சி, பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுபவர். அவர் குரல் மார்க்கெட்டின் ஒரு கோடியில் கிளம்பினால் மறுகோடியில் டெம்போக்காரர்கள் எழுந்து உட்காருவார்கள். பக்கவாதம் வந்து அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வலது கையும் சரியாக வராது. மற்றபடி எல்லாம் புரிகிறது, இடது கை வேலை செய்கிறது, கம்பு ஊன்றி நடக்கவும் முடிகிறது. ஆனால் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பார்க்க வந்த வியாபாரிகளுக்கும் லோடுமேன்களுக்கும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.

"அப்பா பேச வேண்டாம்க்கா. அந்த ரூமை விட்டு வெளிய வந்தாப் போதும். இப்படியே சுவத்தப் பாத்துக்கிட்டே இருந்து போயிருவாவளோன்னு பயமா இருக்கு" என்றாள் என்னிடம். ஒரு செருப்பை ஆணியில் மாட்டிவிட்டு, ஒற்றைச் செருப்போடு நின்று அழுத பிள்ளை அவள்.

அவள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. மேலே பெரிய பெரிய பட்டன்கள், உள்ளே ஒரு ஸ்பீக்கர். பட்டனை அமுக்கினால் அவள் பதிந்து வைத்திருக்கும் வாக்கியத்தைப் பேசும். சனிக்கிழமை நான்தான் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே பேசியது. மேடம் நகத்தால் நெம்பியும் ஒரு கம்பி அசையவில்லை. ஆனாலும் கேட்டார்: "யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"அப்பா எங்க?"

"வர மாட்டுக்காவ மேடம்."

"அப்ப நாம போவோம்."

போனோம், தம்ளரையும் எடுத்துக்கொண்டு. வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரைக் குழலி எழுப்பி உட்காரவைத்தாள். மேடம் தம்ளரை நீட்டினார்.

"இங்கனயுமா மேடம்?"

"இங்கனதான்."

அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பெட்டியை அண்ணாச்சி மடியில் வைத்தேன். ஒரு பட்டனை அமுக்கினார். "தண்ணீர் வேண்டும்" என்றது குழலியின் குரல். இன்னொன்று: "தயவுசெய்து மின்விசிறியைப் போடவும்." இன்னொன்று: "மிக்க நன்றி." அந்த நன்றியை மட்டும் மறுபடி ஒரு முறை கேட்டார். பிறகு பெட்டியைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் எத்தனை நாள் விரலைச் சுட்டுக்கொண்டு செய்தாள் என்று எனக்குத்தான் தெரியும். "அண்ணாச்சி, காப்பி குடிப்பீயளா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, எல்லாரும் செய்வதுபோல நானும் மகள் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் எப்படிப் பதில் சொல்வாள்? வாய் நிறையத் தண்ணீர்.

"ஒங்களத்தான் கேக்கேன் அண்ணாச்சி."

திரும்பினார். இடது கையைப் புறங்கையால் ஒரு வீசு வீசினார். ஏலத்தில் சொத்தைக் காய் வந்தால் ஓரமாகத் தள்ளச் சொல்லும் வீச்சு அது. நான் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன்.

"என்னது, கத்தரிக்காயத் தள்ளுத மாதிரி தள்ளுதீய? நான் என்ன சொத்தையா?"

அவர் வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அது சிரிப்பு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. என்னை இன்னொரு முறை தள்ளினார். மேடத்தையும் கைகாட்டித் தள்ளினார். கடைசியில் பெட்டியையும் தள்ளினார்.

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். வெளியே வந்து குழலியைத் துப்பச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஒங்கப்பா என்னைக்காவது 'மிக்க நன்றி'ன்னு சொல்லியிருக்காரா?"

குழலி யோசித்தாள். "இல்ல."

"'தயவுசெய்து'?"

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப இத நீ வேற யாரோ நல்ல மனுசனுக்குச் செஞ்சிருக்க."

குழலி சிரித்தாள், உடனே முகம் மாறியது. "அக்கா காப்பி கேட்டப்ப வாயில தண்ணி மட்டும் இல்லன்னா, 'அப்பா குடிக்க மாட்டாவ'ன்னு நானே சொல்லியிருப்பேன். யாரு வந்து எதக் கேட்டாலும் நானே சொல்லிருதேன் மேடம். அப்பாவ நானுந்தான் மூடி வச்சிருக்கேன்." அவளை நான் கட்டிக்கொண்டேன்.

மறுநாளே அவளும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம். அண்ணாச்சி என்னவெல்லாம் பேசுவார் என்று கேட்டதுதான் தாமதம், லோடுமேன்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னைய 'அரமூட்ட'ம்பாரு. இன்னைக்கும் அதாங்க எம்பேரு" என்றார் ஒருவர் பெருமையாக. தான் வாங்கிய திட்டுதான் பெரிய திட்டு என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்துவிட்டது. ஒரு கமிஷன் கடைக்காரர் தன் போனைத் தேய்த்துத் தேய்த்து, அண்ணாச்சி ஏலம் விடுகிற பழைய வீடியோக்களை எடுத்தார். சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்தக் குரல் கிளம்பியதும் குழலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். சுற்றிலும் பல்லாரி வெங்காய மூட்டைகள் இருந்ததால் யாரும் காரணம் கேட்கவில்லை.

அந்த வீடியோக்களில் இருந்து வெட்டி எடுத்தோம். "கேளு, கேளு, சீக்கிரம் கேளு!" "தள்ளி வை அத!" "யாருலே அவன்?" "போதும், எடுத்துட்டுப் போ!" பிறகு, விலை கேட்காமல் வாயை மூடிக்கொண்டு நிற்கும் வியாபாரிகளைப் பார்த்து அவர் போடுகிற சத்தம்: "வாயில என்ன கொழுக்கட்டையாலே?" எல்லாவற்றையும் குழலி பட்டனில் ஏற்றினாள். காலையில் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. "அக்கா, கீரை விக்க வந்த ஆச்சியப் பாத்து 'யாருலே அவன்'ன்னு கேட்டிருக்காவ! கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர 'தள்ளி வை அத'ன்னு சொல்லியிருக்காவ! தெருவே வந்து புகார் சொல்லுது!" இவ்வளவு சந்தோஷமாகப் புகார் சொல்லி நான் கேட்டதேயில்லை.

அந்தச் சனிக்கிழமை பட்டறை வாசலில் ஆட்டோ நின்றது. முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு அண்ணாச்சி இறங்கினார். குழலி தம்ளரை வாங்கினாள். வாய் நிறையப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் எதிரே உட்கார்ந்து கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். மேடத்தைப் பார்த்து அமுக்கினார்: "யாருலே அவன்?" கூடமே அதிர்ந்து சிரித்தது. குழலி சமாளித்துவிட்டாள். "கேளு, கேளு, சீக்கிரம் கேளு!" அதையும் சமாளித்தாள். பிறகு மகளின் உப்பிய கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பக்க வாய் மெல்ல இழுத்தது. கட்டைவிரல் இறங்கியது.

"வாயில என்ன கொழுக்கட்டையாலே?"

அவ்வளவுதான். தண்ணீர் பெட்டி மேல், மேஜை மேல், மேடத்தின் மூக்குக் கண்ணாடி மேல். குழலி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே அப்பா தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அவர் இடது கை அவள் தலையில் கிடந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "தண்ணி வந்துட்டு. அடுத்த சனிக்கிழமை."

எனக்கு வந்ததே ஆத்திரம். "மேடம், ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா? அந்தப் பிள்ள படுத பாட்டப் பாத்துமா?"

மேடம் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணாச்சியைப் பார்த்து, நிதானமாக, இன்னொரு தடவை சொன்னார். "காதுல விழுந்துதா அண்ணாச்சி? பாஸாகல. அடுத்த சனிக்கிழமை."

அவர் மேடத்தைப் பார்த்தார். பிறகு கம்பை ஊன்றி எழுந்து என் கருவி அறைக்கு வந்தார். ஆணியில் தொங்கும் செருப்புகளைப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இடது காலை உதறி ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் ஏறிப் போனார். ஒரு வாரம் முழுக்க, நான் எடுத்து மாட்டிய அந்தச் செருப்பு ஆணியில் தொங்கியது. வீட்டில் ஸ்க்ரூ டிரைவருக்கு ஒரு வேலையும் இல்லை என்று குழலி சொன்னாள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவிட்டதில்லை. ஒரு சனிக்கிழமைகூட அந்தப் பெட்டி பாஸாகவும் இல்லை. மகள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்தாலும், அவர் மகளுக்குத் தெரியாமல், யாரையாவது விட்டுப் பழைய வீடியோவிலிருந்து புதிதாக எதையாவது ஏற்றிக்கொண்டுவந்து சிரிக்கவைத்துவிடுவார். அது போதாதென்று மற்றவர்களின் பொருள்களையும் பார்வையிடத் தொடங்கினார். பிடித்தால் "கேளு, கேளு!" பிடிக்காவிட்டால் "தள்ளி வை அத!" இப்போதெல்லாம் பிள்ளைகள் மேடத்துக்குப் பயப்படுவதில்லை, அண்ணாச்சிக்குத்தான் பயப்படுகிறார்கள். மேலும், பழைய லோடுமேன்கள் ஒவ்வொருவராகச் சனிக்கிழமை எட்டிப் பார்க்கிறார்கள். அந்த 'அரமூட்ட' லோடுமேன் போன வாரம் ஒரு வெங்காயம் தரம் பிரிக்கும் சல்லடை செய்துகொண்டு வந்தார். அது தள்ளி வைக்கப்பட்டது.

எனக்கு முட்டு வலி. நின்றுகொண்டே கருவி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. போன மாதம் விடைபெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், மேடம் தம்ளரோடு வந்து நின்றார். "ஒன் கருவி அறையும் நீ செஞ்ச பொருள்தான? காட்டிட்டுப் போ."

முக்காலியில் உட்கார்ந்து வாய் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண் இழுப்பறைகளைத் திறந்தாள். ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் கையை விட்டாள், ஸ்பேனர் இருந்தது. டிரில் பிட் கேட்டார்கள், எடுத்தாள். மல்டிமீட்டர் கேட்டார்கள், எடுத்தாள். எதற்கும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. நான் இல்லாமல் ஓடும். சந்தோஷப்பட வேண்டியதுதான், எனக்குத்தான் முடியவில்லை.

எதிரே அண்ணாச்சி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க வாய் இழுத்தது, கட்டைவிரல் இறங்கியது. "வாயில என்ன கொழுக்கட்டையாலே?"

வாராவாரம் கேட்ட சத்தம். எனக்கு அதில் சிரிப்பு வருவதெல்லாம் நின்று ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும், பொன்னாடை நனைய நனைய, அத்தனை தண்ணீரையும் துப்பினேன்.

மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நனையாத கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"தண்ணி வந்துட்டு உலகு. அடுத்த சனிக்கிழமை."